பட்டப்பகலில் எரிந்த தோரணம்

டிடெக்டரை எப்படிப் பொருத்துறது, எப்படி டியூன் பண்றதுன்னு லேபுக்குப் புதுசா வந்த உங்களுக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் அதைச் சொல்லப் போறதில்ல. அதெல்லாம் உங்க கையில இருக்கிற கையேட்டுல இருக்கு. படிச்சா தெரிஞ்சுக்கலாம். படிச்சும் விளங்கலன்னா நான் சொல்லியும் விளங்கப் போறதில்ல. நான் சொல்ல வந்தது ஒரு வெசாக் தோரணத்தைப் பத்தி. முகத்தை அப்படி வைக்காதீங்க. ரிட்டயர் ஆனதும் மிஸ்ஸுக்கு மூளை கழண்டுருச்சுன்னு நினைக்கிறீங்க, பார்த்தாலே தெரியுது. கொஞ்சம் பொறுங்க.

என் தமிழைக் கேட்டு என்னை யாருன்னு கண்டுபிடிக்க முடியாது. எங்க அப்பா யாழ்ப்பாணத்து ஆளு, கச்சேரியில, அதாவது அரசாங்க ஆபீஸ்ல, வேலை கிடைச்சு மாத்தளைக்கு வந்தவரு. நான் பிறந்தது, வளர்ந்தது, சண்டை போடப் படிச்சது எல்லாம் மாத்தளையிலதான். அதனால யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரங்க என் பேச்சைக் கேட்டா முகம் சுளிப்பாங்க. நான் கோபக்காரின்னு ஏற்கனவே சொல்லியிருப்பாங்களே? உண்மைதான். ஆனா இந்தக் கதையில நான் கோபப்பட்டதை விடச் சிரிச்சதுதான் அதிகம். இப்ப நினைச்சாலும் வயிறு வலிக்குது.

ஸ்பெக்ட்ரோகிராப்னா என்னன்னு உங்க வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீங்க? நான் எங்க அக்காவுக்கு இப்படித்தான் சொன்னேன். ஒரு பீம், அதாவது வேகமாப் பாயிற துகள் கூட்டம், போய் ஒரு மெல்லிசான தகட்டுல மோதுது. அங்க இருந்து துகள்கள் சிதறி வருது. ஒரு பெரிய காந்தம் அதுகளைப் பிடிச்சு வளைச்சு விடுது. வேகமா வர்றது கொஞ்சமா வளையும், மெதுவா வர்றது நல்லா வளையும். கடைசியில ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடத்துல வந்து விழும். எது எங்க விழுந்துச்சுன்னு பார்த்துச் சொல்றதுதான் நான் கட்டுற டிடெக்டரோட வேலை. அக்கா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு யாரு வர்றா, யாரு எந்த வீட்டுக்குப் போறான்னு பார்க்கிற வேலை. அதுக்கா உனக்கு இவ்வளவு படிப்பு?"ன்னா. அதேதான்.

ஆனா ஒரு விஷயத்தை நான் அக்காகிட்ட சொல்லல. வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து நான் மத்தவங்க கட்டின டிடெக்டரைத்தான் பழுது பார்த்துக்கிட்டு இருந்தேன். அறுந்த கம்பியை மாத்தினேன், கசியிற இடத்தை அடைச்சேன், செத்துப்போன சேனலை உயிர்ப்பிச்சேன். எல்லாம் நல்லா வேலை செஞ்சுச்சு, எல்லாம் வேற யாரோட பேர்லயோ பீமுக்கு முன்னால போய் நின்னுச்சு. என் கையால முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கட்டின ஒண்ணு கூட பீமைப் பார்க்கல. அது எனக்குள்ள ஒரு முள்ளு மாதிரி இருந்துச்சு. ரிட்டயர் ஆகிற காலம் கிட்ட வந்தப்பதான் அந்தச் சேம்பர் கைக்கு வந்துச்சு.

வெளிநாட்டுல ஒரு ஆய்வுகூடம். அவங்க ஸ்பெக்ட்ரோகிராப்புக்குப் புதுசா ஒரு வயர் சேம்பர் வேணும். தலைமயிரை விட மெல்லிசான கம்பிகளை வரிசையா இழுத்துக் கட்டி, சுத்தி வாயு நிரப்பி, பெரிய வோல்டேஜ் குடுத்து வைக்கிற பெட்டி. துகள் ஒண்ணு ஊடே போனா பக்கத்துக் கம்பியில ஒரு சின்னத் துடிப்பு வரும். அதைக் கட்டித் தர்றோம்னு எங்க பேராசிரியர் எழுதிப் போட்டாரு. அவரை நாங்க எல்லாரும் சேர்னுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன், ஆனா யாராவது சத்தம் போட்டுக் கேட்டா உடனே சரின்னுருவாரு. அவங்களும் சரின்னுட்டாங்க, ஒரே ஒரு நிபந்தனை. சேம்பரை அனுப்ப முந்தி, வீடியோவுல, அவங்க கண் முன்னால அது சத்தமில்லாம, அதாவது பொய்த் துடிப்பு இல்லாம, ஓடிக் காட்டணும். ஓடலன்னா அந்த இடம் வேற குழுவுக்குப் போயிரும். எனக்கு அதுக்குப் பிறகு இன்னொரு சேம்பர் கட்ட சர்வீஸ் இல்ல. இதுதான் கடைசி.

பலாபத்வலையில, ஏ-நைன் ரோட்டு ஓரமா, பழைய சாதிக்காய் ஸ்டோர் ஒண்ணை எங்களுக்கு விட்டுக் குடுத்திருந்தாங்க. தடிச்ச சுவர், உயரமான கூரை, உள்ள குளிர்ச்சி. வேலை செய்ய அருமையான இடம். வீட்டுக்குப் போனா சட்டையெல்லாம் சாதிக்காய் மணக்கும். என்கூட எலெக்ட்ரானிக்ஸ் பார்த்தது ரிஸ்வான். மாத்தளை டவுன்ல பரம்பரையா யாவாரம் பண்ற குடும்பம், இவரு மட்டும் சால்டரிங் அயனைத் தூக்கிக்கிட்டு எங்க பக்கம் வந்துட்டாரு. கையில அப்படி ஒரு நிதானம். வாயில மட்டும் நிதானமே கிடையாது. நாங்க ரெண்டு பேரும் சண்டை போடாம ஒரு கேபிள் கூடப் பூட்டினது இல்ல.

பீம் இல்லாம எப்படி டெஸ்ட் பண்றதுன்னு கேட்பீங்க. ஆகாயத்துல இருந்து மியூவான்னு ஒரு துகள் தானா வந்துக்கிட்டே இருக்கு, அதுக்கு யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டியதில்ல. சேம்பர் அழகா ஓடுச்சு. ஒரு மியூவான் போனா கோடு போட்ட மாதிரி அடுத்தடுத்த கம்பிகள் பேசும், மத்த நேரம் கப்சிப். ரிஸ்வானும் நானும் திரையைப் பார்த்துக்கிட்டே பிளேன்டீ குடிப்போம். சண்டை கூடக் குறைஞ்சிருந்துச்சு. அதுலயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

வீடியோ நாளுக்கு ரெண்டு நாள் முந்தி, பொழுது சாயிற நேரம், சேம்பருக்குப் பைத்தியம் பிடிச்சுச்சு.

ஒரு கம்பி, ரெண்டு கம்பி இல்ல. எல்லாக் கம்பியும் சேர்ந்து கத்துச்சு. திரை முழுக்க நிரம்பிப் போச்சு. ஒரு நொடி அடங்கும், பிறகு திரும்பக் கத்தும். நீளமா ஒண்ணு, குட்டையா நாலஞ்சு, பிறகு ஓய்வு, பிறகு திரும்ப நீளமா. கொஞ்ச நேரம் கழிச்சு தானா நின்னுருச்சு. அடுத்த நாள் காலையில ஒண்ணுமே நடக்காத மாதிரி அமைதியா உட்கார்ந்திருந்துச்சு.

ரிஸ்வான் முகம் வெளுத்துப் போச்சு. "மிஸ், உள்ள ஸ்பார்க் அடிக்குது. ஒரு கம்பி தளர்ந்திருக்கு. திறந்து பார்க்கணும்"னாரு.

திறந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். வாயு போயிரும், தூசி உள்ள வந்துரும், திரும்ப நிரப்பி, திரும்ப வோல்டேஜ் ஏத்தி, திரும்ப டியூன் பண்ணி முடிக்க வீடியோ நாள் தாண்டிரும். திறக்காம விட்டு, உள்ள உண்மையிலயே ஸ்பார்க் அடிச்சா, கம்பி எரிஞ்சு சேம்பரே போயிரும். ரெண்டு பக்கமும் பள்ளம்.

சேருக்கு போன் போட்டோம். அவரு கண்டியில இருந்து பதறி ஓடி வந்தாரு. வந்து கொஞ்சம் யோசிச்சுட்டு மெதுவாச் சொன்னாரு, "த்ரெஷோல்டை ஏத்தி விட்டா என்ன?"

த்ரெஷோல்டுன்னா வாசல்ல கட்டின ஒரு கட்டை மாதிரி. அதை விட உயரமான துடிப்புதான் உள்ள வரலாம், குட்டையானது வெளிய நிக்கணும். கட்டையை உயர்த்தினா அந்தக் கத்தல் எல்லாம் வெளிய நின்னுரும், திரை சுத்தமாத் தெரியும். ஆனா சின்னத் துடிப்பா வர்ற உண்மையான துகளும் வெளியதான் நிக்கும். நமக்கு அது வந்ததே தெரியாது.

"சேர், அது சேம்பரைச் சுகமாக்கிறது இல்ல, நம்ம காதுல பஞ்சு வைக்கிறது"ன்னேன்.

"வீடியோவுக்கு மட்டும்தானேம்மா. பிறகு இறக்கிக்கலாம்."

"பிறகு எங்க இறக்குறது? அங்க போனதுக்குப் பிறகா?"

எனக்குச் சத்தம் உசந்துருச்சு. அவரு சரி சரின்னுட்டு நகர்ந்துட்டாரு. ரிஸ்வான் ஸ்குரூட்ரைவரோட சேம்பர் பக்கத்துல போய் நின்னாரு. நான், "அதுல ஒரு ஸ்குரூவைத் தொட்டுப் பாருங்க, பிறகு நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல"ன்னேன். என்ன நோய்னு தெரியாம வயித்தைக் கிழிக்கிற டாக்டர்கிட்ட நாம யாராவது போவோமா? எனக்கு என்ன நோய்னு தெரியாதுதான். ஆனா ஒண்ணு மட்டும் மனசுல குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஸ்பார்க்னா அது கண்டபடி அடிக்கும், அதுக்கு ஒழுங்கு கிடையாது. இது நீளமா ஒண்ணு, குட்டையா நாலஞ்சுன்னு கணக்கா அடிச்சுச்சு. உள்ள இருக்கிற பழுதுக்கு இவ்வளவு ஒழுக்கம் எங்க இருந்து வந்துச்சு?

அன்னைக்குப் பொழுது சாயிறப்ப திரும்ப ஆரம்பிச்சுச்சு. ரிஸ்வான் திரையைப் பார்த்துத் தலையில கை வச்சாரு. எனக்கு அங்க உட்கார முடியல. போனைக் கையில பிடிச்சுக்கிட்டு வெளிய ரோட்டுக்கு வந்துட்டேன்.

வந்தா எதிர்ல தோரணம் எரியுது.

வெசாக் பண்டிகைக்குக் கட்டுற அந்தத் தோரணம் அங்க ரெண்டு கிழமையா எழும்பிக்கிட்டுத்தான் இருந்துச்சு. மூங்கிலும் பலகையுமா ரெண்டு மாடி உயரம், புத்தர் பழைய பிறவியில செஞ்ச தர்மத்தைப் படம் படமா எழுதி, சுத்தி வர பல்ப். நாங்க தினமும் அதைத் தாண்டித்தான் உள்ள போவோம், நிமிர்ந்தே பார்க்கல. சுனில்னு ஒரு எலெக்ட்ரீஷியன்தான் அதைக் கட்டிக்கிட்டு இருந்தாரு. அன்னைக்கு அவரு லைட்டைப் போட்டு ஓட்டிப் பார்க்கிறாரு. வெளி வட்டம் நீளமா ஒரு சுத்து ஓடுது. பிறகு நடுவுல தாமரை இதழ் டக் டக் டக் டக்னு நாலஞ்சு தடவை மின்னுது. ஓய்வு. திரும்ப வெளி வட்டம்.

நான் அப்படியே நின்னுட்டேன். போனை எடுத்து உள்ள இருக்கிற ரிஸ்வானைக் கூப்பிட்டேன்.

"ரிஸ்வான், திரையைப் பாருங்க. கத்த ஆரம்பிச்சதும் 'இப்ப'ன்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீங்க."

"மிஸ், நீங்க எங்க…"

"பேசாதீங்கன்னேன்."

வெளி வட்டம் ஓட ஆரம்பிச்சுச்சு. காதுல, "இப்ப."

நின்னுச்சு. "போச்சு."

தாமரை மின்னுச்சு. "இப்ப, இப்ப, இப்ப, இப்ப… மிஸ், இது என்ன…"

அதுக்கு மேல எனக்குத் தாங்கல. ஏ-நைன் ரோட்டு ஓரத்துல, கால் மேல கால் மாத்தி மாத்திக் குதிச்சுக்கிட்டு, "இப்ப! போச்சு! இப்ப!"ன்னு தோரணத்தைப் பார்த்துக் கத்துறேன். சாரி கட்டின பொம்பளை, கண்ணாடி போட்டவ, நரைச்ச கொண்டை. தம்புள்ளைக்குப் போற பஸ் ஒண்ணு வேகத்தைக் குறைச்சு என்னைப் பார்த்துட்டுப் போச்சு. ஏணியில நின்ன சுனில் பயந்து கீழ இறங்கிட்டாரு. ரிஸ்வான் உள்ள இருந்து ஓடி வந்தாரு, தோரணத்தைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, "யா அல்லாஹ்"ன்னு படியில உட்கார்ந்துட்டாரு. சேர் கடைசியா வந்தாரு. அவருக்கு விளக்கிச் சொல்றதுக்குள்ள எங்க ரெண்டு பேருக்கும் சிரிச்சுச் சிரிச்சு மூச்சு நின்னுருச்சு. சேம்பர் நல்லா இருக்கு. கம்பி நல்லா இருக்கு. உள்ள ஒரு ஸ்பார்க்கும் இல்ல.

ஸ்பார்க் வெளிய இருந்துச்சு. சுனில் எங்களைத் தோரணத்துக்குப் பின்னால கூட்டிப் போய்க் காட்டினாரு. ஒரு மர உருளை, அதைச் சுத்திப் பித்தளைத் தகடு, மோட்டார் அதைச் சுத்துது. வரிசையா நிக்கிற பித்தளை விரல்கள் தகட்டைத் தொட்டா லைட் எரியும், விட்டா அணையும். தொட்டு விடுற ஒவ்வொரு தடவையும் நீலமா ஒரு பொறி. இப்பெல்லாம் அதுக்கு எலெக்ட்ரானிக் போர்டு வந்துருச்சு. ஆனா தன் அப்பா செஞ்ச உருளைன்னு சுனில் அதை விடல. அந்தப் பொறி ஒவ்வொண்ணும் ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன். எங்க சேம்பர் அதை ஒண்ணு விடாமக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு.

சிரிப்பு அடங்கினதும்தான் நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். வீடியோ எப்ப? நாளைக்குப் பின்னேரம் ஏழு மணி. நாளைக்கு என்ன நாள்? வெசாக் போயா, புத்தர் பிறந்த பௌர்ணமி. வெளிநாட்டுக்காரங்களுக்கு அது ஒரு சாதாரண நாள், அவங்க பாட்டுக்குக் குறிச்சுட்டாங்க. தோரணத்தை விகாரையில இருந்து பெரிய பிக்கு, ஹாமுதுருவோ, வந்து திறந்து வைக்கிற நேரம் எப்ப? அதே ஏழு மணி.

சேர் உடனே கையைக் கூப்பினாரு. சுனில்கிட்ட சிங்களத்துல நிலைமையைச் சொல்லி, ஒரே ஒரு மணித்தியாலம் தள்ளி வைக்க முடியுமான்னு கேட்டாரு. சுனில் முடியாதுன்னுதான் சொல்லுவாருன்னு நினைச்சேன். அவரு காதைச் சொறிஞ்சுக்கிட்டு யோசிச்சாரு. எங்களைப் பத்தி ஊருல, உள்ள மாணிக்கம் வெட்டுறாங்கன்னு ஒரு பேச்சு இருந்துச்சாம். மாணிக்கம் இல்ல, ஆகாயத்துல இருந்து வர்றதை எண்ணுற மெஷின்னு கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "ஹாமுதுருவோகிட்ட நான் சொல்றேன். எட்டு மணிக்குத் திறக்கலாம். அக்கே, நீங்க அழாதீங்க"ன்னாரு. நான் அழல, சிரிச்சதுல கண்ணு கலங்கியிருந்துச்சு, அதை அவருக்கு எப்படிச் சொல்றது.

இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க, இதுக்காகத்தான் இவ்வளவு கதையும். பிரச்சினை தீர்ந்து போச்சு. தோரணம் அணைஞ்சிருக்கும், சேம்பர் அமைதியா ஓடும், அவங்க பார்த்துச் சரின்னுருவாங்க, என் சேம்பர் பீமுக்குப் போகும். நான் இத்தனை வருஷமா ஏங்கினது கைக்கு எட்டின தூரத்துல நிக்குது. சேர் சுனிலோட கையைப் பிடிச்சு நன்றி சொல்லிக்கிட்டு இருக்காரு. எனக்கு மட்டும் சிரிப்பு நின்னுருச்சு.

அந்த ஸ்பெக்ட்ரோகிராப் இருக்கிற ஹால்ல என்ன இருக்கும்? வீடு அளவு காந்தம், அதுக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டிகள், பம்பு, கிரேன், வெல்டிங். அங்க யாரு எங்களுக்காக எதை அணைச்சு வைப்பாங்க? ஒரு வெசாக் தோரணத்தைத் தாங்காத சேம்பர் அங்க போய் என்ன செய்யும்? முதல் நாளே பைத்தியம் பிடிக்கும். ரெண்டாவது நாள் யாராவது ஒரு சேர் த்ரெஷோல்டை ஏத்துவாரு. மூணாவது நாள் கழட்டி மூலையில வச்சுருவாங்க, மேல என் பேர் ஒட்டியிருக்கும்.

"சுனில் மல்லி, வேணாம்"னேன். அவரு அக்கேன்னாரு, நான் மல்லின்னேன், தம்பின்னு. "நாளைக்கு ஏழு மணிக்கே திறங்க. ஒரே ஒரு உதவி. நாளைக்குக் காலையில இருந்து தோரணத்தை எரிய விடணும். அணைக்கவே கூடாது."

"காலையிலயா? வெயில்லயா? யாரு பார்க்கிறது?"

"நான் பார்ப்பேன்."

சேர் என்னைத் தனியாக் கூட்டிப் போனாரு. "கைக்கு வந்ததை ஏன்மா தட்டி விடுறே? நாளைக்குச் சரியா வரலன்னா?"

"சரியா வரலன்னா அதை அனுப்பக் கூடாது சேர்."

வீரம் எல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியல.

அடுத்த நாள் காலையில, பலாபத்வல வெயில்ல, தோரணம் ஜெகஜ்ஜோதியா எரியுது. ஒரு பல்போட வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியல. ரோட்டால போற வேன் எல்லாம் நிக்குது. ஒரு பாட்டன் இறங்கி வந்து, பின்னேரம்தானே போடுவாங்க, நாம நேரம் பிந்திட்டமோன்னு சுனிலைக் கேக்குறாரு. சுனில், எதிர்ல இருக்கிற அக்காவுக்கு இப்ப வேணுமாம்னு எங்களைக் காட்டுறாரு. கூட்டம் திரும்பி எங்க கதவைப் பார்க்குது. டெஸ்ட் பண்றதுக்கு நமக்கு எப்பவும் ஒரு சோர்ஸ் தேவை, இல்லையா? ஈயப் பெட்டியில வச்சுப் பூட்டின, கதிர் வீசுற, பொத்தான் அளவுல ஒண்ணு. எங்களுக்கு ரெண்டு மாடி உயரத்துல, தாமரைப் பூப் போட்டு, ஒரு சோர்ஸ் கிடைச்சுச்சு. உலகத்துல வேற எந்த லேபுக்கும் கிடைச்சிருக்காது.

அது கத்திக்கிட்டே இருக்க, நானும் ரிஸ்வானும் கேபிள் கேபிளாத் தடவிக்கிட்டுப் போனோம். எதைத் தொட்டா கத்தல் குறையுது, எதைத் தொட்டா கூடுது. மத்தியானத்துக்குக் கிட்ட, சேம்பரோட ஸ்டாண்டுக்குப் பின்னால எர்த் வயர் ஒண்ணு போறதைக் கண்டேன். சுவர்ல இருக்கிற பிளக்குக்கு ஒரு எர்த் ஏற்கனவே இருக்கு, சேம்பரை நான்தான் அதுல பூட்டினேன். இது வேற.

"இது யாரு போட்டது?"

ரிஸ்வான் கழுத்தைத் தடவினாரு. "நான்தான் மிஸ். பிளக் எர்த்தை நம்ப ஏலாதுன்னு வெளிய மண்ணுல செப்புக் கம்பி ஒண்ணு அடிச்சு அதுக்குக் குடுத்தேன். பாதுகாப்புக்கு."

"சரி. அப்ப அந்தப் பக்கம் தண்ணிக் குழாய்க்குப் போறது?"

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "போன மாசம் நான் வந்தப்ப… ஒரு எர்த்தும் கண்ணுக்குத் தெரியல. இருக்கட்டுமேன்னு."

மூணு எர்த். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர், எல்லாம் அந்தச் சேம்பர் மேல உள்ள பாசத்துல. மூணும் மூணு பக்கமாப் போய், ஸ்டோரைச் சுத்தி பெரிய கம்பி வளையம் ஒண்ணு உண்டாகியிருக்கு. சுனிலோட பொறியை எல்லாம் அள்ளிப் பிடிச்சு நேரா என் கம்பிக்கு ஊட்டினது அதுதான். கவனமில்லாதவங்களுக்கு இந்தப் பிழை வராது பிள்ளைகளா. ரொம்பக் கவனமா இருக்கிற மூணு பேர், ஒருத்தரோட ஒருத்தர் பேசாம இருந்தாத்தான் வரும். ரெண்டு பேரையும் நான் ஏசின ஏச்சு தோரணத்துக்கு மேலால கேட்டிருக்கும். ஏசிக்கிட்டே சிரிப்பு வேற வருது. சேர் கையைக் கட்டிக்கிட்டு ஸ்கூல் பிள்ளை மாதிரி நிக்கிறாரு.

எல்லாத்தையும் அவிழ்த்து, ஒரே இடத்துக்குக் கொண்டு வந்து, ஒண்ணாச் சேர்த்தோம். கடைசி வயரை முறுக்கினப்ப நான் திரையைப் பார்க்கல, பார்க்கப் பயம். ரிஸ்வான்தான் பார்த்தாரு.

"மிஸ், சுனில் லைட்டை அணைச்சுட்டாரா?"

வெளிய எட்டிப் பார்த்தேன். உருளை சுத்துது, பொறி பறக்குது. எல்லாம் எரியுது.

பின்னேரம் ஏழு மணி. வெளிய பறை அடிக்கிறாங்க, வெள்ளை உடுப்புல ரோடு நிறையச் சனம். உள்ள லேப்டாப் திரையில ஒரு வெள்ளைக்கார அம்மா. குட்டை முடி, சிரிக்காத முகம். அவங்க சொல்றதுதான் முடிவு. சேர் விளக்கிக்கிட்டு இருக்கும்போதே அவங்க கண்ணு எனக்குப் பின்னால போச்சு.

"உங்க சுவர்ல சிவப்பும் பச்சையுமா என்ன ஓடுது?"

நான் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுக் கதவுக்கிட்ட போனேன். தோரணத்தைக் காட்டினேன். உருளையைப் பத்தி, பொறியைப் பத்திச் சொல்லிட்டு மேசைக்குத் திரும்பினேன். சேர் பதறிப் போயிட்டாரு. "வேணும்னா உடனே நிறுத்தச் சொல்றோம்"னாரு. நான் மேசைக்குக் கீழால அவரு காலை மிதிச்சேன், செருப்போட.

அந்த அம்மா சுவர்ல ஓடுற நிறத்தையே பார்த்தாங்க. பிறகு, "நிறுத்த வேணாம். அது ஓடட்டும். உங்க த்ரெஷோல்டை இப்ப இருக்கிறதுல பாதியா இறக்குங்க. என் கண் முன்னால"ன்னாங்க.

பாதி. நாங்க அவ்வளவு இறக்கிப் பார்த்ததே இல்ல. ரிஸ்வான் என்னைப் பார்த்தாரு. நான் தலையை ஆட்டினேன். அவரு உதடு ஏதோ ஓதுச்சு, கை மட்டும் ஆடல, இறக்கிட்டாரு.

வெளிய தாமரை மின்னுது. திரையில எண்ணிக்கை லேசா ஏறுச்சு. ஏறின இடத்துல நின்னுச்சு. ஒரு மியூவான் வந்துச்சு, கோடு போட்ட மாதிரி. இன்னொண்ணு. அந்த அம்மா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டு வந்தாங்க.

"அந்த விளக்கு இன்னும் எரியுதா?"

திரும்ப லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினேன்.

"சரி. பெட்டியில போடுங்க"ன்னாங்க. அப்பதான் முதல் தடவையாச் சிரிச்சாங்க.

ரிஸ்வான் வெளிய ஓடிட்டாரு. நான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு எழும்பி வாசலுக்கு வர்றதுக்குள்ள சுனிலோட காதுல சொல்லிட்டாரு. ஒலிபெருக்கியில புத்தரோட கதை ஓடிக்கிட்டு இருக்கு. சுனில் மைக்கை வாங்கிச் சிங்களத்துல சொன்னாரு, பிறகு தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல, "எதிர்ல அக்காட மெஷின் பாஸ்!" அவ்வளவு சனமும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டுச்சு. எதுக்குத் தட்டுறோம்னு ஒருத்தருக்கும் தெரியாது. நானும் கையைக் கூப்பிக்கிட்டு நின்னேன். பிறகு நாங்க மூணு பேரும் தன்சல் வரிசையில, வெசாக்குக்கு இலவசமாச் சோறு குடுக்கிற பந்தல்ல, நின்னு, குடுத்த சோறும் பருப்பும் வாங்கித் தரையில உட்கார்ந்து சாப்பிட்டோம். முந்தின நாள் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

சேம்பர் கப்பல் ஏறுச்சு. நான் ரிட்டயர் ஆனேன். பிறகு ஒரு நாள், இரத்தோட்டையில ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டு பஸ்ல திரும்பி வர்றேன். தோட்டத்து வேலை முடிஞ்சு டவுனுக்குப் போற சனம் நெரிசலா நிக்குது. போன்ல ரிஸ்வான் ஒரு படம் அனுப்பியிருந்தாரு. அவரு அந்த வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேம்பரைப் பூட்டிக்கிட்டு இருந்தாரு. கீழ ஒரே வரி, 'மிஸ், பீம் வந்துருச்சு.' படத்துல நேர்கோடா ஒரு கூர், ஊசி மாதிரி. பக்கத்துல இன்னொண்ணு, தனியா. ரெண்டும் ஒட்டல, ரெண்டு வேகத்துத் துகளைச் சேம்பர் பிரிச்சுக் காட்டியிருக்கு.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பக்கத்துல கூடையை மடியில வச்சிருந்த அம்மா என்னைப் பார்த்துட்டு, "என்னங்க, கெட்ட சேதியா?"ன்னாங்க. இல்லைன்னு படத்தைக் காட்டினேன். "நான் கட்டினது. இப்பதான் முதல் தடவையா வேலை செய்யுது."

அவங்க போனைக் கையில வாங்கி, தூரப் பிடிச்சு, கிட்டப் பிடிச்சுப் பார்த்தாங்க. "ரொம்ப மெலிஞ்சு போயில்ல இருக்கு."

"மெலிஞ்சாத்தான் நல்லதுங்க. எவ்வளவு மெலிசோ அவ்வளவு நல்லது."

"அப்படீங்களா"ன்னு முன் சீட்டுக்காரம்மாவோட தோளைத் தட்டி, "இந்தா பாரு, இவங்க கட்டினதாம், மெலிசா வந்திருக்கு, நல்லதாம்"னு குடுத்தாங்க. அவங்க பார்த்து அடுத்தவங்களுக்குக் குடுத்தாங்க. நின்னுக்கிட்டு வந்தவங்க, கண்டக்டர், எல்லாரும் வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி அனுப்பினாங்க. போன் பின் சீட்டு வரைக்கும் போய்க் கை மாறி என்கிட்டத் திரும்பி வந்தப்ப பஸ் மாத்தளை டவுனுக்கு வந்துருச்சு. சேருக்கு அந்தப் படம் மறுநாள்தான் கிடைச்சுச்சு. என் சேம்பர் பார்த்த முதல் பீமை அவருக்கு முந்தி இரத்தோட்டை பஸ் பார்த்துருச்சு.